அத்தி மிகுந்த வீட்டில் அடுப்படிக் கோளாறுகள்: அறிகுறியும் தீர்வும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்கும் வேலிக்கும் இடையே, பதினான்கு தொட்டிகளில் சீமை அத்தி வளர்கிறது. மலாய்க்காரர்கள் இதனைத் தீன் என்பார்கள். திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் இதன் பெயரையே தாங்கியிருப்பதால் நாட்டில் பல வீடுகளில் இதனைப் பக்தியோடு வளர்க்கிறார்கள். எங்களுக்கும் முதல் குச்சியை ஒடித்துத் தந்தவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக்தான். குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் இந்த மரம் இலை உதிர்த்து ஓய்வதில்லை. கவாத்து செய்த கிளை துளிர்த்து நீளும்போது கணுவுக்கு ஒன்றாகக் காய் பிடித்துக்கொண்டே போகும். எல்லாத் தொட்டிகளையும் ஒரே வாரத்தில் கவாத்து செய்துவிட்டால், சில மாதங்கள் கழித்துப் பழமும் ஒன்றாக வந்து குவியும். அந்தத் தவற்றை நான் செய்தேன். அதன் பிறகு சமையலறையில் கண்ட கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோளாறுகள் பல வடிவில் வந்தாலும், தேடிப் போனால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் வந்து முடியும்: அத்தியில் பால் இருக்கிறது, புளிப்பு இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, காம்பைக் கிள்ளியவுடன் வெள்ளையாகக் கசியும் பாலைப் பார்த்தபோது அது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் அத்திப்பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது என்பதையும், அது புரதத்தை அறுக்கும் என்பதையும் மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். புளிப்பைப் பொறுத்தவரை, புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு அத்திப்பழத்தில் ஏறக்குறைய 5க்கும் 6க்கும் இடையில் நிற்கிறது. மாங்காய்க்கும் அன்னாசிக்கும் பழகிய கை, அதே பழக்கத்தில் அத்தியைச் சமைக்கும்போது தவறு நேர்வது இதனால்தான். இவை இரண்டோடு நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அது உலர்த்தும்போது மட்டும் தலைகாட்டும்.

சாப்பிட்டவுடன் நாக்கு அரிக்கிறது, உதடு எரிகிறது

பழம் முழுதாகப் பழுக்கவில்லை என்பதே முதல் காரணம். வாழைத்தாரைப் போலப் பறித்து வைத்தால் பழுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். முற்றாமல் பறித்த அத்தி மெத்தென்று ஆகலாமே தவிர இனிப்பு ஏறாது, பாலும் வற்றாது. கழுத்து தளர்ந்து பழம் தலைகுனிந்து தொங்க வேண்டும். தொட்டால் காது மடலைப் போல மென்மையாக இருக்க வேண்டும். தோலில் நூல் போன்ற வெடிப்பு தெரிந்தாலோ, அடியில் உள்ள துளையில் ஒரு சொட்டுத் தேன் நின்றாலோ அதுவே சரியான நாள். பறித்த பழத்தின் காம்பில் வெள்ளைப் பால் துளிர்த்தால் அந்தப் பழம் பச்சையாக உண்பதற்கு உரியதன்று. காம்போடு சேர்த்துக் கழுத்துப் பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வேகவைத்துப் பயன்படுத்தலாம்.

நன்றாகப் பழுத்த பழத்துக்கும் உதடு தடிக்கிறது என்றால் அது வேறு கதை. ரப்பர் கையுறை அணிந்தால் கை தடிப்பவர்களுக்கு அத்தியும் ஒவ்வாமல் போவதுண்டு. அத்தகையவர்கள் பழத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே முறை. தோட்டத்திலும் ஒரு கவனம் தேவை: அத்தியின் பாலிலும் இலையிலும் உள்ள சில பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தீப்பட்டது போலக் கொப்புளம் கிளம்பும். கவாத்தையும் பறிப்பையும் நீண்ட கைச்சட்டையோடு செய்து, முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

பாயசம் திரிகிறது, பழப்பால் கசக்கிறது

ஒரு தீபாவளிக் காலையில் சேமியாப் பாயசத்தை இறக்கப் போகும் நேரத்தில், அழகாக இருக்குமே என்று நறுக்கிய அத்தியைப் பச்சையாகவே அதில் போட்டேன். முதலில் கரண்டியில் பால் சற்றுக் கனமாக ஒட்டியது; நான் அதைப் பாகு என்று எண்ணி மகிழ்ந்தேன். இரண்டு நிமிடத்தில் சட்டியின் ஓரத்தில் ரவை போன்ற பொடிக் கட்டிகள் தெரிந்தன. பிறகு கட்டிகள் ஒன்றுகூடி மேலே மிதக்க, அடியில் வெளிறிய பச்சைத் தண்ணீர் தனியாக நின்றது. பால் பழையது என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். அவர்மேல் குற்றமே இல்லை.

பால்மரத்துப் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் தட்டில் அது கட்டியாக உறைவதைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு உறைதல் என்பது புளிப்பின் வேலை என்றே தோன்றும். இங்கே புளிப்புக்கு வேலை இல்லை. பசும்பாலைக் கலங்காமல் வைத்திருக்கும் கேசின் என்ற புரதத்தை ஃபிசின் அறுத்துவிடுகிறது. அறுபட்ட புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. பண்டைய கிரேக்கர்கள் பாலாடைக்கட்டி செய்வதற்காக அத்திப்பாலை வேண்டுமென்றே பாலில் சேர்த்தார்கள். அவர்கள் விரும்பிச் செய்ததை நாம் அறியாமல் செய்துவிடுகிறோம். வெதுவெதுப்பான சூட்டில் இந்த நொதி மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், ஆறிக்கொண்டிருக்கும் பாயசம் அதற்கு மிகவும் வசதியான இடம்.

தீர்வு எளிது. பழத்தை நறுக்கி, மூழ்காத அளவு தண்ணீரில் தனியாக வைத்து, பழத்தின் நடுவரை கொதி ஏறுமாறு 5 முதல் 7 நிமிடம் வேகவிட வேண்டும். அந்தச் சூட்டில் ஃபிசின் செயலிழந்துவிடும். பிறகு பழத்தையும் பாயசத்தையும் ஆறவிட்டுக் கலந்தால் ஒன்றும் ஆகாது. இந்த இடத்தில் எலுமிச்சை பிழியக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விருந்துக்கு முன் சோதனை செய்ய நேரமில்லாதவர்கள் தேங்காய்ப்பாலில் பாயசம் வைக்கலாம்; அதில் கேசின் இல்லாததால் இவ்வாறு திரிவதில்லை, குலா மலாக்கா என்ற தென்னைவெல்லத்தோடு அத்தியும் நன்றாகச் சேரும். என் கருத்தில் பசும்பாலைவிட இதுவே சுவையானது.

அரைத்த பச்சை அத்தியும் குளிர்ந்த பாலும் கலந்த பானம் குடிக்கும்போது இனிப்பாக இருந்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தபின் கசந்தால் அதற்கும் இதே காரணம்தான். அறுபட்ட புரதத் துண்டுகளில் சில கசப்பானவை. அரைத்தவுடன் குடித்துவிட வேண்டும், அல்லது வெந்த பழத்தை அரைக்க வேண்டும். தயிர்ப் பச்சடிக்கும் இது பொருந்தும். திரிந்துபோன பாயசத்தை ருசி பார்த்துக் கசப்பில்லாவிட்டால், வடிகட்டிய கட்டியைச் சீனியோடு கிளறித் திரட்டுப்பால் போல ஆக்கிவிடலாம். அன்று எங்கள் வீட்டில் அதைத்தான் பரிமாறினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜெல்லி உறையவில்லை

ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அத்தி அதனையும் அறுத்துவிடும். பழத்தை முதலில் வேகவைக்கலாம். நம் ஊரில் அதைவிட எளிய வழி அகார்-அகார். கடற்பாசியிலிருந்து வரும் அது புரதம் அன்று என்பதால் ஃபிசினுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்க்க வேண்டும். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் அகார்-அகார் வலு இழக்கும்.

ஆட்டிறைச்சி கூழாகிவிட்டது

பப்பாளிக்காயை அரைத்துப் போட்டு முற்றிய ஆட்டிறைச்சியை மெதுவாக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தியும் அதே வேலையைச் செய்யும், அளவு மீறினால் அதைவிட வேகமாகவே செய்யும் என்பது என் அனுபவம். இரவு மசாலாவோடு நான்கு பழங்களைப் பிசைந்து ஊறவைத்துக் காலையில் திறந்தபோது, துண்டுகளின் ஓரம் விரல் பட்டவுடன் ஈர மாவைப் போல வழுக்கியது. பெரட்டல் செய்ய எண்ணியது கடைசியில் கைமா ஆயிற்று. அரைக் கிலோ இறைச்சிக்குப் பாதிப் பழம், அரை மணி நேரம், அதுவும் குளிர்சாதனப் பெட்டியில் என்பது எனக்குச் சரியாக வரும் அளவு. நேரம் முடிந்தவுடன் சட்டி சூடேற வேண்டும். கூழாகிவிட்ட இறைச்சியைத் திருத்த வழியில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கோடு வதக்கிச் சமோசாவுக்கு உள்ளே வைக்கலாம். கோழிக்கும் மீனுக்கும் பச்சை அத்தி வேண்டவே வேண்டாம்.

ஜாம் உறையாமல் சிரப்பாக நிற்கிறது

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதில் எனக்கு நேர்ந்த தோல்விகளும் அதிகம். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். சுடச்சுட ஊற்றிய ஜாம் 24 மணி நேரம் வரை இறுகிக்கொண்டிருக்கும். மறுநாளும் போத்தலைச் சாய்த்தால் ஓடுகிறது என்றால்தான் அது கோளாறு.

ஜாம் இறுகுவதற்குப் பழத்தில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருள், சீனி, புளிப்பு ஆகிய மூன்றும் ஒரு அளவில் சேர வேண்டும். பெக்டின் இழைகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. புளிப்பு அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. சீனி தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். இதற்குப் பி.எச். அளவு 3.5க்குக் கீழேயும், கரைந்த சீனி ஏறக்குறைய 65 விழுக்காடாகவும் இருக்க வேண்டும். அத்தியின் பி.எச். எங்கே இருக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். சீனியை மட்டும் கூட்டிக் கூட்டிக் காய்ச்சினால் பாகு கெட்டியாகுமே தவிர ஜாம் ஆகாது. ஆறியபின் அது ஓடும், அல்லது பல்லில் ஒட்டும் மிட்டாயாகும்.

நான் இப்போது பின்பற்றும் அளவு இது. காம்பு நீக்கிய பழம் 1 கிலோ, தண்ணீர் 100 மில்லி லிட்டர், சீனி 650 கிராம், வடிகட்டிய லிமாவ் நிப்பிஸ் (சிறு எலுமிச்சை) சாறு 75 மில்லி லிட்டர். பழத்தைத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மூடிவைத்து வேகவிட்டு, தோல் முழுதாக மசிந்தபிறகே சீனி சேர்க்கிறேன். முன்னதாகச் சேர்த்தால் தோல் தோலாகவே நின்றுவிடும். சாற்றில் பாதியைச் சீனியோடும், மீதியை இறக்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பும் ஊற்றினால் புளிப்பின் வேலையும் நடக்கும், எலுமிச்சையின் மணமும் தங்கும். லிமாவ் கஸ்தூரிதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம்; அதன் மணம் அத்தியைச் சற்று மறைக்கும், அது எனக்குப் பிடிக்கும், என் கணவருக்குப் பிடிக்காது.

பெக்டின் போதாது என்று தோன்றினால் பொடியைத் தேடி ஈப்போவுக்குப் போக வேண்டியதில்லை. பாதி பழுத்த கொய்யாக்காயில் பெக்டின் மிகுதி. 300 கிராம் கொய்யாவை மெல்லிதாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினால், விரலில் வழுக்கும் கொழகொழப்பான தண்ணீர் கிடைக்கும். ஒரு கிலோ அத்திக்கு அதில் 250 மில்லி லிட்டர் போதும். முன்பு சொன்ன தண்ணீருக்குப் பதிலாக இதையே ஊற்றலாம்.

பதம் பார்க்க மூன்று வழிகள் உண்டு. வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். முதலில் அதே வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்து, அது காட்டும் அளவுக்கு மேல் 4 அல்லது 5 டிகிரி என்று கணக்கிடுவது இன்னும் நம்பகமானது. வெப்பமானி இல்லாவிட்டால், உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் பாகு காய்ச்சிப் பழகியவர்கள் கம்பிப் பதத்தைப் பார்க்க முனைவார்கள். வெறும் சீனிப்பாகில் ஒற்றைக்கம்பி ஏறக்குறைய இதே சூட்டில்தான் விழும் என்றாலும், பழச்சதை கலந்த குழம்பில் கம்பி ஒழுங்காக இழுபடாது. தட்டை நம்புவதே நல்லது.

உறையாத ஜாமைத் திருத்துவதற்கு: ஒரு லிட்டர் ஜாமுக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் 150 மில்லி லிட்டர் கொய்யாத் தண்ணீரும் சேர்த்து, அகன்ற பாத்திரத்தில் மூடாமல் வேகமாகக் கொதிக்கவிட்டு மீண்டும் பதம் பார்க்க வேண்டும். ஒரு முறைதான் இப்படிச் செய்யலாம். மூன்றாம் முறையும் அடுப்பேற்றினால் பெக்டின் சிதைந்து, எதற்கும் உதவாத கருத்த பாகு மிஞ்சும். நான் அவ்வாறு ஆக்கிய ஒரு சட்டி, ஐஸ் தண்ணீரில் கலக்கும் சிரப்பாக ஒரு மாதம் ஓடியது. ஒரே தடவையில் 2 கிலோவுக்கு மேல் காய்ச்சுவதும் இதே தொல்லையைத் தரும். பெரிய சட்டி பதத்துக்கு வர நேரமாகும், அதற்குள் பெக்டின் தளர்ந்துவிடும்.

ஜாம் கல்கல்லாக நெறிகிறது. அல்லது கறுத்து இரும்பு வாடை வீசுகிறது

பல்லில் நெறிவது அத்தி விதையா, சீனியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நாக்கில் வைத்தால் கரைவது சீனி. சீனி அளவு மிகுந்தாலோ, புளிப்பு குறைந்தாலோ, பாத்திரச் சுவரில் ஒட்டிய சீனி கரையாமல் கடைசியில் உள்ளே விழுந்தாலோ இது நேரும். ஒரு கரண்டித் தண்ணீரும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டு மெல்லிய தீயில் கரைத்தால் சரியாகிவிடும்.

கறுப்பு நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரம். இரும்புக் குவாலியில் (வாணலியில்) எலுமிச்சைச் சாறு பட்டால் இரும்பு கரையும். கரைந்த இரும்பு பழத்தோலின் துவர்ப்போடு சேர்ந்து மையைப் போலக் கறுக்கும். அலுமினியமும், ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமே இதற்கு ஏற்றது.

பாகில் போட்ட முழுப் பழம் சுருங்கித் தோலாகிறது

கெட்டிப் பாகில் பழத்தை நேரே போட்டால் பாகு பழத்தின் நீரை உறிஞ்சிவிடும். அந்த இடத்துக்குள் சீனி புக நேரம் கிடைக்காது. ஒரு பங்கு சீனிக்கு இரு பங்கு தண்ணீர் என்ற மெல்லிய பாகில் முதல் நாள் மெதுவாக வேகவிட்டு, அதிலேயே இரவு முழுதும் ஊறவிட்டு, அடுத்த இரண்டு நாள்களிலும் சீனியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொதிக்கவிட வேண்டும். பல்குத்தும் குச்சியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுவதும் உதவும். ஏற்கெனவே சுருங்கிப்போனதைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பார்க்கலாம், பாதிதான் மீளும்.

போத்தலில் நுரை, மூடி வீக்கம், திறக்கும்போது சீறல்

இங்கே திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ருசி பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

காற்றில்லாத போத்தலுக்குள் நச்சை உண்டாக்கும் போட்டுலினம் என்ற நுண்ணுயிர், பி.எச். 4.6க்குக் கீழே வளர்வதில்லை. மாங்காயும் அன்னாசியும் தாமாகவே அந்த எல்லைக்குக் கீழே நிற்பவை. அத்தி மேலே நிற்கிறது. எனவே இலேசான பாகில் அடைத்த அத்தியை அலமாரியில் வைக்க விரும்பினால், அரை லிட்டர் போத்தல் ஒவ்வொன்றிலும் கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, அல்லது சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி சேர்த்து, மூடியபின் போத்தல் முழுதும் மூழ்கிய கொதிநீரில் 45 நிமிடம் வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் புதிதாகப் பிழிந்த சாற்றை நான் பயன்படுத்துவதில்லை. பழத்துக்குப் பழம் அதன் புளிப்பு மாறும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடலாம். சீனியைக் குறைத்துக் காய்ச்சிய ஜாமுக்கும் குளிர்சாதனப் பெட்டிதான் இடம்.

ஊறுகாய் போடுபவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மாங்காயை உப்பிலும் எண்ணெயிலும் மூழ்கவைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கும் நம் பழக்கத்தை மாங்காயின் புளிப்புதான் காத்துவருகிறது. அத்தியை அதே முறையில் எண்ணெயில் மூழ்கவைத்தால், காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை. அத்தி அச்சாருக்குக் காடி (வினிகர்) தாராளமாக ஊற்ற வேண்டும், போத்தல் குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது.

உலர்த்திய அத்தியில் புளித்த வாடை அல்லது பூசணம்

லயத்து வீட்டின் தகரக் கூரையில் அம்மா வடகமும் மிளகாயும் காயவைத்ததை நினைத்து, முதல் முறை நானும் முறத்தில் அத்தியைப் பரப்பினேன். வடகம் மெல்லியது, ஒரே வெயிலில் மேல் காய்ந்துவிடும். அத்தி நீரும் சீனியும் நிறைந்த பை. நம் ஊரில் மாலையானால் இடி மழை. இரவில் காற்றே ஈரம். இரண்டாம் நாள் மாலை முறத்தை எடுத்தபோது கள் வாடை வீசியது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்பட்டால் பழம் உலர்வதற்கு முன்பே புளித்துவிடும். மத்தியதரைக் கடல் நாடுகளின் வறண்ட கோடையில் எளிதாக நடப்பது பேராக்கில் நடக்காது.

மின் உலர்த்தியில் 57 முதல் 60 டிகிரி செல்சியஸ் வைத்து, பாதியாக வெட்டிய பழத்தை வெட்டுப்பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கினால், பருமனைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். முழுப் பழத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதனைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்துத் தோலை வெடிக்கச்செய்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பிதுக்கினால் ஈரம் கசியாமல், வளைத்தால் தோல்வார் போல வளைய வேண்டும். அதன்பின் கண்ணாடிப் போத்தலில் முக்கால் பாகம் நிரப்பி ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் மீண்டும் உலர்த்திக்குள் போக வேண்டியதுதான்.

சில வாரத்தில் பழத்தின் மேல் வெள்ளை படிந்தால் உடனே பதறத் தேவையில்லை. வெந்நீரில் கரைந்து, வாடை இல்லாமல், பொடியாக இருந்தால் அது வெளியே வந்த சீனி. பஞ்சு போலவோ பச்சை, கறுப்பு நிறத்திலோ இருந்தால் பூசணம். உலர் அத்தியில் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூசணம் வளர்வது உலகறிந்த சிக்கல். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை உண்ணும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

பழத்தைப் பிட்டால் புளித்த நெடி, அல்லது உள்ளே பூச்சி

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்ற பழமொழி நாட்டு அத்தியைப் பற்றியது. அதன் பூக்கள் பழத்துக்குள்ளேயே இருப்பதால், மகரந்தம் சேர்க்கச் சிறு குளவிகள் உள்ளே நுழைகின்றன. நாம் தொட்டியில் வளர்க்கும் பிரவுன் டர்கி போன்ற சீமை அத்தி வகைகள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. அவற்றில் குளவிக்கு வேலை இல்லை. உள்ளே எறும்போ பழ ஈயின் புழுவோ இருந்தால், பழுத்தபின் அடித்துளை வழியாக நுழைந்தது என்று பொருள். அந்த ஈக்கள் கொண்டுவரும் ஈஸ்ட்தான் புளித்த நெடிக்கும் காரணம். துளையிலிருந்து நுரையோ கலங்கிய நீரோ கசிந்தால் அந்தப் பழம் உரக்குழிக்கு உரியது. ஒரு சட்டி ஜாமையும் அது ஒன்றே கெடுத்துவிடும். பழம் நிறம் மாறத் தொடங்கும்போதே வலைப்பை கட்டிவிட்டால் ஈயோடு மைனாவும் வௌவாலும் விலகும்.

மழை வாரத்தில் பறித்த பழம் புளிக்காமல் வெறுமனே சப்பென்று இருந்தால், பாதியாக வெட்டி 180 டிகிரி அடுப்புப் பெட்டியில் 20 முதல் 25 நிமிடம் வாட்டினால் நீர் வற்றிச் சுவை தேறும். அத்தகைய பழத்தை ஜாமுக்குப் போடுவதைவிடப் புளிக்குழம்பில் போடுவதே எனக்கு விருப்பம். புளி கரைத்த குழம்பில் கத்தரிக்காய் நிற்கும் இடத்தில் அத்தி நன்றாகவே நிற்கும்.

ஒரு சட்டிக்குப் போதாத பழம் நாள்தோறும் வருகிறது

அத்தி கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும். பதினான்கு தொட்டி இருந்தாலும் ஒரு காலையில் பத்துப் பதினைந்து பழம்தான், மறுநாளும் அவ்வளவே. சேர்த்து வைக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்றாம் நாளே முதல் நாள் பழம் கசியத் தொடங்கும். காம்பு நீக்கித் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, கல்லான பிறகு பையில் மாற்றிச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கிலோ சேர்ந்த நாளில் உறைந்தபடியே ஜாம் சட்டியில் கொட்டலாம். உருகவிட்டுப் பச்சையாக உண்ண நினைத்தால் கூழாகத்தான் இருக்கும். பனிக்கட்டி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிட்ட பிறகு அதைத் திருத்த முடியாது. ஃபிசின் குளிரில் சாவதில்லை என்பதால், உருகிய பழத்தையும் பாலில் போடுவதற்கு முன் வேகவைத்தாக வேண்டும்.

கவாத்தில் வெட்டிய பச்சைக் காய்கள் கசக்கின்றன, சட்டியில் பிசின் ஒட்டுகிறது

காயை எறிய மனம் வராதவர்களுக்கு மட்டும் இது. நுனியையும் அடியையும் நறுக்கி, பாதியாக வெட்டி, உப்பிட்ட தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; வெள்ளை நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று முறை இதையே செய்ய வேண்டும். துருக்கியிலும் கிரேக்கத்திலும் பச்சைக் காயைப் பாகில் இடுவதற்கு முன் இப்படித்தான் நீர் மாற்றி வேகவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாட்டு அத்திக்காயை இடித்து மோரில் போட்டுத் துவர்ப்பை எடுப்பதுபோல, வெந்த காயை மோரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் மிச்சக் கசப்பும் போகும். பிறகு கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய்ப்பூ தூவிப் பொரியலாக இறக்கலாம்.

கத்தியிலும் சட்டி விளிம்பிலும் வளையமாக ஒட்டிய பால், சோப்புக்கும் நாருக்கும் அசையாது. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதுபோல, கத்திக்கும் விரலுக்கும் முதலிலேயே நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால், ஒட்டிய இடத்தில் எண்ணெய் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் துடைத்தால், ரப்பர்ப்பால் பிடிக்கும் மங்கிலிருந்து உறைந்த ஒட்டுப்பாலை உரிப்பதுபோல அது சுருண்டுகொண்டு வந்துவிடும்.